மாந்தோப்புக்கு வாங்க, பேரமும் வேண்டாம், பரிதாபமும் வேண்டாம்



வருஷா வருஷம் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் இமாச்சலமோ காஷ்மீரோ போயிட்டு வந்து, ஆப்பிள் மரத்தடியில நின்ன படத்தை அனுப்புவாங்க. "சின்னக் குடும்பம். அவங்களே மரம் வெச்சு, அவங்களே பறிச்சு, வீட்டு வாசல்லயே பெட்டி போட்டு விக்கிறாங்க. பாக்கவே அழகா இருந்துச்சு"ன்னு கீழே ரெண்டு வரி இருக்கும். சந்தோஷம்தான். ஆனா அதே ஆளுங்க மாசத்துக்கு ரெண்டு தடவை பெங்களூருக்கும் சென்னைக்கும் எங்க ஊர் வழியாத்தான் போறாங்க. குருபரப்பள்ளி தாண்டும்போது கார் கண்ணாடியைக்கூட இறக்கறதில்லை.

எங்க பக்கமும் அப்படிக் குடும்பங்க இருக்கு. ஆப்பிளுக்கு பதிலா மாங்கா, அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் தோப்பு. தோப்புக்கு முன்னால நாலு கம்பு நட்டு, மேல தென்னங்கீத்தோ பச்சை வலையோ போட்டு ஒரு கடை. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். மாம்பழம் வெளைவிக்கிறவன் தன் சரக்குக்குத் தானே விலை சொல்ற ஒரே இடம் அந்தக் கடை. அது நிலைச்சாத்தான் சின்னத் தோப்பு நிலைக்கும். அது நிலைக்கறது பாதி உங்க கையில, பாதி அரசாங்கத்து கையில.

முதல்ல கொஞ்சம் ஊர்க்கதை. 'சேலத்து மாம்பழம்'னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் பேர் பரவின காலத்துல நாங்களும் சேலம் ஜில்லாதான். 1965-ல தர்மபுரி தனியாப் பிரிஞ்சது, 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. ஜில்லா பேர் ரெண்டு தடவை மாறிடுச்சு, மரம் அதே இடத்துலதான் நிக்குது. செம்மண்ணும் பாறையுமா இருக்கிற மானாவாரி நிலத்துக்கு மாமரம் மாதிரி பொறுத்துப் போற மரம் வேற இல்லை. அதனாலதான் எங்க அப்பா காலத்துல ராகி, கொள்ளு போட்ட மேட்டு நிலத்துல எல்லாம் மாங்கன்னு வெச்சாங்க.

அப்படி ஒரு தோப்புக்கு 2025 சீசன்ல, ஆனி மாசம் போயிருந்தேன். சூளகிரி ரோட்டுல இருந்து உள்ளே தள்ளி இருக்கு. அந்தம்மா எனக்கு தங்கச்சி முறை. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால தங்கச்சின்னே எழுதறேன். ரெண்டே கால் ஏக்கர், 90 மரம். மாப்பிள்ளை வலை கட்டின தொரட்டியோட மரத்து மேல. மாமியார் கீழே உக்காந்து தரம் பிரிக்கிறாங்க. தங்கச்சி கடையில. பையன் சிப்காட் கம்பெனியில வேலை பாக்கிறான், ஞாயித்துக்கிழமை மட்டும் தோப்பு. வீட்டுக்குள்ள தெலுங்கு, எங்கிட்ட தமிழ். கர்நாடகா வண்டி வந்து நின்னு "எஷ்டு?"ன்னு கேட்டா உடனே கன்னடம். மூணு பாஷையிலயும் தராசு ஒண்ணுதான்.

பறிக்கிறதைப் பாக்கணும் நீங்க. காயை வெறுமனே திருகி எடுக்கக் கூடாது. ஒரு விரல் நீளக் காம்போட வெட்டி எடுக்கணும். காம்பை ஒட்டி ஒடிச்சா பால் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பால் தோல்ல பட்ட இடம் கருத்துப் போகும், அழுகறதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெட்டின காயைத் தலைகீழாக் கவிழ்த்து வெச்சு பால் வடிய விடறாங்க. அப்புறம் வைக்கோல் பரப்பி அதுல அடுக்குவாங்க. நல்லா முத்தின காயா இருந்தா அஞ்சு ஆறு நாள்ல தானா நிறம் ஏறும். ஒரு மாங்காய்க்கு இத்தனை வேலை இருக்கு. லாரியில கொட்டிக்கிட்டுப் போற காய்க்கு இதெல்லாம் யாரும் பண்றதில்லை.

"கடையில எப்படிம்மா ஓடுது?"ன்னு கேட்டேன். தங்கச்சி ஒரு நோட்டை எடுத்து முன்னால வெச்சுட்டாங்க. "நீங்களே பாருங்கண்ணா, எனக்குக் கூட்டிக் கூட்டி சலிச்சுப் போச்சு."

90 மரத்துல 55 மரம் பெங்களூரா. மத்த ஊர்ல தோத்தாபுரி, கிளிமூக்குன்னு சொல்றது இதைத்தான். மீதி 35 மரம் கலப்பு: செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம் பசந்த், நீலம். சீசன் முடிஞ்சப்புறம் மறுபடி போய் அந்த நோட்டை முழுசாப் பாத்தேன். முழு எண்ணாச் சொல்றேன்.

பெங்களூரா 7 டன். கூழ் கம்பெனிக்குப் போச்சு. கிலோ 5 ரூபாய், மொத்தம் 35,000. பறிக்கிற கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 2 ரூபாய் கழிச்சா நின்னது 21,000.

கலப்பு ரகம் ரெண்டரை டன். எல்லாம் கடையிலயே வித்தது. மல்கோவா ஒரு விலை, செந்தூரா ஒரு விலை, சராசரியாப் பாத்தா கிலோ 60 ரூபாய். மொத்தம் 1,50,000. அழுகினது, அட்டைப்பெட்டி, வைக்கோல், ராத்திரி காவல் எல்லாம் 30,000 போக நின்னது 1,20,000.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஏழு டன் கொடுத்தது 21 ஆயிரம். ரெண்டரை டன் கொடுத்தது ஒரு லட்சத்து 20 ஆயிரம். அதே மண்ணு, அதே மழை, அதே குடும்பம். ஒண்ணுல விலையை வாங்கறவர் சொன்னார், இன்னொண்ணுல தங்கச்சி சொன்னாங்க.

இதைப் படிச்சுட்டு "அடேங்கப்பா, நல்ல லாபம்"னு நினைச்சுடாதீங்க. உழவு, மருந்து, பூச்சிப்பொறி எல்லாத்துக்கும் வருஷத்துல ஒரு 40,000 போயிருக்கு. கையில நிக்கிறது ஒரு லட்சம். மூணு பேர் 75 நாள் தோப்புலயும் கடையிலயும் கெடையா கெடந்திருக்காங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய்னு கூலி போட்டாலே 90,000 ஆயிடுது. ஆக, அந்தக் கடை அவங்களைப் பணக்காரங்க ஆக்கலை. தன் தோப்புல வேலை செஞ்சு தன் கூலியைத் தானே எடுத்துக்க விட்டது. கடை இல்லைன்னா அந்தக் கூலியும் கிடையாது. அப்புறம் பையன் சொல்றதுதான் நியாயம்னு ஆயிடும்: "வித்துட்டு பிளாட் போடலாம்மா." புரோக்கர் வாரம் ஒரு தடவை வந்து போறார்.

பெங்களூரா ஏன் இந்த நிலைமைக்கு வந்துச்சுன்னும் சொல்லணும். நாட்டுல மாங்கூழ் தயாரிக்கிறதுக்கு ரெண்டு பெரிய மையம். ஒண்ணு ஆந்திராவுல சித்தூர், இன்னொண்ணு எங்க கிருஷ்ணகிரி. கம்பெனிக்குப் பிடிச்ச ரகம் பெங்களூரா. சதை அதிகம், நல்லாக் காய்க்கும், அடிபட்டாலும் தாங்கும். அதனால ஊரே அதை நட்டுது. விளைச்சல் கொட்டின வருஷம், போன வருஷத்துக் கூழே தேங்கிக் கிடக்குன்னு கம்பெனி பக்கம் சொல்லிட்டா முடிஞ்சது கதை. 2025-ல அதுதான் நடந்துச்சு. ஆந்திராவுல கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கணும், அதுல 8 கம்பெனி, 4 அரசுன்னு முடிவு பண்ணாங்க. வெளி மாநிலத்துத் தோத்தாபுரி சித்தூருக்குள்ள வரக்கூடாதுன்னு ஜூன் மாசம் தடையும் போட்டாங்க. கர்நாடகா முதலமைச்சர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். பிறகு கர்நாடக விவசாயிகளுக்கு ரெண்டரை லட்சம் டன் வரைக்கும், குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் அடிப்படையில விலை வித்தியாசம் தர மத்திய அரசு ஒத்துக்கிட்டது. ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல உக்காந்திருக்கிற எங்க சனம் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னுது.

மண்டிக்குப் போனா மட்டும் என்ன? நூத்துக்குப் பத்து கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, அதுக்கு மேல கழிவுன்னு டன்னுக்கு இத்தனை கிலோ. இது மாங்காய்க்கு மட்டும் வந்த வியாதி இல்லை. நீங்க படம் எடுத்துட்டு வந்தீங்களே இமாச்சல ஆப்பிள், அங்கேயும் இதே அழுகைதான். பெட்டிக்கு விலை பேசி, பெட்டியில அளவுக்கு மேல திணிச்சு வாங்கறாங்கன்னு விவசாயிங்க வருஷக்கணக்கா கத்தினாங்க. கடைசியில 2024-ல அந்த அரசு, 20 கிலோ அளவுல எல்லாருக்கும் ஒரே அட்டைப்பெட்டின்னு கட்டாயம் பண்ணுச்சு. நீங்க பாத்த அந்த அழகான தோட்டத்துக்குப் பின்னாலயும் ஒரு தராசுச் சண்டை இருந்திருக்கு.

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

முதல் விஷயம், ரோட்டோரத்துல மாம்பழம் குவிச்சிருக்கிற கடை எல்லாம் தோப்புக்காரர் கடை இல்லை. பாதிக்கு மேல மண்டியில எடுத்து விக்கிறவங்க. அவங்களும் பிழைக்கணும், தப்பு சொல்லலை. ஆனா விவசாயிகிட்ட நேரா வாங்கினோம்னு நினைச்சுக்கிட்டுப் போறீங்களே, அதுக்காகச் சொல்றேன். அடையாளம் சுலபம். சித்திரையில நீலம் இருந்தா அது தோப்புக் கடை இல்லை. நீலம் கடைசியா வர்ற ரகம், ஆனி ஆடியிலதான் வரும். மாம்பழத்துக்குப் பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிளும் திராட்சையும் இருந்தா கேக்கவே வேண்டாம். எல்லாப் பழமும் ஒரே அளவு, ஒரே மஞ்சள்னா சந்தேகப்படுங்க. தோப்புக் கடையில சிறிசும் பெருசும் கலந்திருக்கும், காம்பு ஒட்டியிருக்கும், சிலதுல புள்ளி இருக்கும். எல்லாத்துக்கும் மேல, "மரத்தைப் பாக்கலாமா?"ன்னு கேளுங்க. தோப்புக்காரர்னா எழுந்து முன்னால நடப்பார்.

ரெண்டாவது, அவசரம். "இன்னைக்கு ராத்திரியே சாப்பிடற மாதிரி குடுங்க"ன்னு கேக்கறீங்க பாருங்க, அந்தக் கேள்விதான் கார்பைடு கல்லை உள்ளே கொண்டு வந்துச்சு. கல் வெச்சுப் பழுக்க வைக்கிறது சட்டப்படி தடை. எத்திலீன் வாயு அளவோட பயன்படுத்தலாம்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி கொடுத்திருக்கு, ஆனா அதுக்கு அறை வேணும், கருவி வேணும். ரெண்டு ஏக்கர்காரர்கிட்ட அது இருக்காது. அவர்கிட்ட இருக்கிறது வைக்கோல். அதனால முத்தின காயா வாங்கிட்டுப் போங்க. வீட்டுல அரிசி டப்பாவுலயோ, பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டியிலயோ வையுங்க. நாலு நாள் பொறுங்க. வாசனை வீட்டுக்குள்ள நுழைஞ்சவுடனே உங்களைக் கூப்பிடும்.

மூணாவது, கொட்டைக்குள்ள வண்டு. பழத்தை அறுத்தா கொட்டையில வண்டு இருந்துச்சுன்னு போன் பண்ணித் திட்டறவங்க உண்டு. காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே அந்த வண்டு தோல்ல முட்டை வெச்சிடும். புழு கொட்டைக்குள்ள போயிடும், வந்த ஓட்டை காய் பெருக்கும்போது மூடிக்கும். வெளியே இருந்து பாத்தா நமக்கே தெரியாது. சதை பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். அதே மாதிரி அல்போன்சா, பெங்களூர்ல பாதாமின்னு சொல்வாங்களே, அது வெளியே தங்கமா இருக்கும், உள்ளே சில பழத்துல சதை வெளுத்து பஞ்சு மாதிரி இருக்கும். அது அந்த ரகத்தோட குணம். இது ரெண்டும் ஏமாத்து வேலை இல்லை. சொன்னா மாத்திக் கொடுப்பாங்க, சண்டை தேவையில்லை.

நாலாவது, பணம். எங்ககிட்ட ரெண்டு விதமான ஆளுங்க வர்றாங்க. 10 லட்சம் ரூபாய் கார்ல வந்து கிலோவுக்கு 10 ரூபாய் குறைக்கச் சொல்லி கால் மணி நேரம் நிக்கிறவங்க ஒரு விதம். "ஐயோ பாவம் விவசாயி, மிச்சத்தை வெச்சுக்கங்க"ன்னு 100 ரூபாய் கூடக் கொடுத்துட்டு, போட்டோ எடுத்துட்டுப் போறவங்க இன்னொரு விதம். முதல் ஆளால நஷ்டம், சரி. ரெண்டாவது ஆள் நல்லவர்தான், ஆனா அவர் அடுத்த வருஷம் வர்றதில்லை. பரிதாபம் ஒரு தடவைதான் வரும், பசி வருஷா வருஷம் வரும். தங்கச்சி சொன்னது இதுதான்: "கூடக் குடுக்க வேணாம்ணா. சித்திரையில போன் பண்ணி, 'எங்களுக்கு ரெண்டு பெட்டி எடுத்து வையுங்க'ன்னு சொல்றவங்க நூறு வீடு இருந்தா போதும். நான் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதில்லை."

நூறு வீடு. பெங்களூர்ல ஒரு அபார்ட்மென்ட்டுல அதைவிட அதிகமா வீடு இருக்கு. எங்க ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரப் பயணம். ஒரு அபார்ட்மென்ட்டும் ஒரு தோப்பும் கைகோத்தா அந்தத் தோப்பை எந்த புரோக்கராலும் அசைக்க முடியாது. ஆனா ஒண்ணு, மரம் சொல்றபடி கேக்கணும். மல்கோவா எப்பவுமே சிக்கனமாத்தான் காய்க்கும். மாமரம் ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தா அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். "எங்களுக்கு இமாம் பசந்த் மட்டும்தான்"னு பிடிவாதம் பிடிச்சா சரிப்படாது. செந்தூராவுல ஆரம்பிச்சு நீலத்துல முடிங்க. நடுவுல பெங்களூராவையும் காயா வாங்கிப் பாருங்க. பெங்களூர்த் தெருவண்டியில கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி விக்கிறாங்களே, அது இந்தக் காய்தான். தங்கச்சி கடையிலயும் கீறி வைக்கிறாங்க. கம்பெனிக்கு 5 ரூபாய்க்குப் போற காய், தட்டுல 20 ரூபாய்க்குப் போகுது.

இப்ப அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை. 1999-ல உழவர் சந்தை வந்துச்சு. விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு, உக்கார இடம், கமிஷன் இல்லை. கால் நூற்றாண்டு தாண்டியும் ஓசூர்ல போய்ப் பாருங்க, விடிகாலையில எப்படி நடக்குதுன்னு. அதே யோசனையை ரோட்டுக்குக் கொண்டு வந்தா என்ன? என்.எச். 44 ரோடு அகலமாக அகலமா, எங்க கடைக்கும் வண்டிக்கும் நடுவுல கம்பி வேலி வந்துடுச்சு. நூறு கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி திடீர்னு நின்னா விபத்துதான், அதனால கடையை எடுங்கன்னு சொல்றதும் நியாயம்தான். ஆனா கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவுல சர்வீஸ் ரோட்டை ஒட்டி ரெண்டு மூணு இடத்துல, சித்திரையில இருந்து ஆடி வரைக்கும், வண்டி நிறுத்த இடத்தோட ஒரு நிழல் கூடாரம் போட்டுக் கொடுங்க. சிட்டா அடங்கல் காட்டற விவசாயி மட்டும் உக்காரட்டும். கோடிக்கணக்குல செலவு ஆகற விஷயம் இல்லை இது. வருஷா வருஷம் கிருஷ்ணகிரியில மாங்கனிக் கண்காட்சி நடத்தறீங்க, நல்ல விஷயம். அங்க பழம் பார்வைக்கு இருக்கு. எங்களுக்குப் பழம் விக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்.

விவசாயிங்க நமக்கும் ஒரு வார்த்தை. 55 மரம் ஒரே ரகம்கிறது ஒரே வியாபாரிகிட்ட கழுத்தைக் கொடுக்கிற மாதிரி. மரத்தை வெட்ட வேண்டாம். கிளையைக் கவாத்து பண்ணி, நல்ல ரகத்தை மேல ஒட்டுக் கட்டலாம். பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலயே இருக்கு, போய்க் கேளுங்க. பத்து மரத்துல ஆரம்பிச்சா போதும். பூவுலயே குத்தகைக்கு விட்டுட்டு, பழம் பழுக்கும்போது வயிறு எரியறதை விட இது மேல்.

இப்ப சமவெளியிலயும் விளையற ஆப்பிள் வந்திருக்கு. இமாச்சலத்துல ஹரிமான் சர்மாங்கிற விவசாயி கண்டுபிடிச்ச எச்.ஆர்.எம்.என். 99 ரகம், அதுக்காக 2025-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம பசங்க சிலர் அதை வெச்சுப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. வெச்சுப் பாக்கட்டும். ஆனா விலை சொல்ற உரிமை கையில இல்லைன்னா ஆப்பிளும் ஒரு நாள் பெங்களூரா ஆயிடும்.

வர்ற சீசன்ல இந்தப் பக்கம் வந்தா மேம்பாலத்துல பறக்காம சர்வீஸ் ரோட்டுல இறங்குங்க. பசங்களைத் தோப்புக்குள்ள விடுங்க, தொரட்டியைக் கையில கொடுத்துப் பாருங்க. காம்போட வெட்டச் சொல்லுங்க. பை கொண்டு வாங்க, போன் நம்பர் வாங்கிட்டுப் போங்க. செந்தூரா தவறிடுச்சா, பரவாயில்லை. நீலம் ஆடி வரைக்கும் இருக்கும்.